முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய டீசல் பிக்கப் வாங்குவது பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்தே இத்தனை கடிதங்கள் வந்திருப்பதால், எல்லாவற்றையும் இந்த இதழில் சேர்த்துப் போட்டிருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (அரியாங்குப்பம்): என்னிடம் டிரெய்லரோடு ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. சுண்ணாம்பாறு பக்கமும், எப்போதாவது மரக்காணம், பரங்கிப்பேட்டை வரைக்கும் இழுத்துப் போக வேண்டியிருக்கும். இதுவரை வாடகை வண்டிதான். இனிமேல் சொந்தமாக ஒரு டபுள் கேபின் டீசல் பிக்கப் செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதையே தினமும் கடைக்குப் போகவும் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. கடை வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர். 2018 இசுஸு வி-கிராஸ் ஒன்று, 2021 வி-கிராஸ் ஒன்று, ஒரு பொலேரோ கேம்பர், மூன்றும் பேச்சில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: படகின் நீளத்தை எழுதியிருக்கிறீர்கள், எஞ்சின் என்ன குதிரைத்திறன் என்று எழுதியிருக்கிறீர்கள், எடையை எழுதவில்லை. இழுவைக்கு வண்டி வாங்குகிறவருக்கு முதல் கணக்கே எடைதான், ஆகவே வண்டி பார்ப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அடுத்த தடவை வாடகை வண்டி வரும்போது படகைப் பக்கத்து எடை மேடைக்குக் கொண்டு போய், டிரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் நிறுத்தி எடை போட்டுவிடுங்கள். வெறும் படகாகப் போடாதீர்கள். எஞ்சின், பெட்ரோல் கேன், நங்கூரம், ஐஸ் பெட்டி என்று ரோட்டில் போகும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையும் உள்ளே இருக்க வேண்டும். படகு விற்றவர் சொன்ன எடைக்கும் மேடை காட்டும் எடைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

அப்புறம் இன்னொரு எடை உண்டு, இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. டிரெய்லரின் முன்மூக்கு வண்டியின் கொக்கியில் உட்காருகிறதே, அந்த இடத்தில் கீழ்நோக்கி அழுத்தும் பாரம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது இருந்தால் டிரெய்லர் நேராக வரும். அதைவிட ரொம்பக் குறைந்தால், அதாவது பாரம் எல்லாம் பின்பக்கம் போய்விட்டால், 60, 70 வேகத்தில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும், அப்போது பதறி பிரேக்கை மிதித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பாரம் ரொம்பக் கூடினாலும் தொல்லைதான், பிக்கப்பின் பின்புறம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். படகை டிரெய்லரில் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியே இதைச் சரி செய்துவிடலாம், காசு செலவே இல்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் டி-மேக்ஸ் (உங்கள் வி-கிராஸ் இந்த வரிசை வண்டிதான்) 3,500 கிலோ இழுக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் டிரெய்லருக்கே தனியாக பிரேக் இருந்தால்தான் அந்தக் கணக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயே 750 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. நம் பக்கத்தில் பட்டறையில் வெல்டிங் வைத்து அடித்த டிரெய்லர் பெரும்பாலும் பிரேக் இல்லாததுதான். உங்கள் எடை 750-ஐத் தாண்டினால் பிரேக் உள்ள டிரெய்லருக்கு மாறுங்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் கடலூர் ரோட்டில் கன்னியக்கோயில் பக்கம் ஒரு பஸ் சடாரென்று நின்றால், உங்கள் வண்டியின் பிரேக் உங்கள் வண்டியை நிறுத்தும், பின்னால் வரும் படகை எது நிறுத்தும்? கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலி, டிரெய்லரின் பின்னால் எரிகிற பிரேக் லைட், இண்டிகேட்டர், இதெல்லாம் இல்லாமல் ரோட்டில் ஏறவே கூடாது. சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்குத் தனி ஆர்சி, தனி இன்சூரன்ஸ் வேண்டும். பட்டறை டிரெய்லருக்கு ஆர்சி வாங்குவது கடினம் என்பதால், பிக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற டிரெய்லருக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வண்டிக்கு வருவோம். கேம்பர் உழைப்பாளி வண்டி. எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் சரக்கு வண்டியாக மஞ்சள் போர்டில்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதன் சங்கடங்களைக் கீழே பண்ருட்டி வாசகிக்கு எழுதியிருக்கிறேன். ஆகவே உங்களுக்கு இரண்டு வி-கிராஸுக்கும் இடையில்தான் போட்டி.

2018 வண்டியில் இருப்பது 2.5 லிட்டர் எஞ்சின், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, பிஎஸ்-4 (அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதியில் முந்தைய படி). 2021 வண்டியில் 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர், பிஎஸ்-6. காகிதத்தில் புதியதுதான் பலசாலி. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 5 கிலோமீட்டர். பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு, புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை வண்டி தானாகவே எரித்துத் தீர்க்கும், அதற்கு எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடாகி, பதினைந்து இருபது நிமிஷமாவது நிற்காமல் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து ஊருக்குள் கடை வரைக்கும் சிக்னல் சிக்னலாக நின்று போகிற ஓட்டத்தில் எஞ்சின் சூடாவதற்குள் கடையே வந்துவிடும். தினமும் இப்படியே போனால் கரி சேர்ந்து சேர்ந்து ஒருநாள் டேஷ்போர்டில் லைட் எரியும், அப்புறம் வண்டி இழுக்காது. மாற்றப் போனால் சின்னச் செலவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. அது சட்டப்படி தப்பு, அந்தக் கரி நம் பிள்ளைகள் மூச்சில்தான் போகும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

படகு இழுக்கும் நாட்களில் சைலன்சர் நன்றாகச் சூடாகும், அது டிபிஎஃப்-க்கு நல்லதுதான். ஆனால் அது எப்போதாவது நடப்பது, 5 கிலோமீட்டர் ஓட்டம் தினமும் நடப்பது. அதனால் என் தீர்ப்பு 2018 பிஎஸ்-4 வண்டிக்குத்தான். வாரம் ஒருமுறை திண்டிவனம் வரை ஒரு நடை போய்வரும் வேலை இருக்கிறது என்றால் 2021-ஐ எடுக்கலாம். அப்போதும் வாங்குவதற்கு முன் ஸ்கேனர் போட்டு வடிகட்டியில் எவ்வளவு கரி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டி கிட்டத்தட்ட 5.3 மீட்டர் நீளம். நேரு வீதியில் நிறுத்த இடம் தேடுவதும், வெறும் வண்டியாக ஓடும்போது பின்பக்கக் கமான் பட்டை (பட்டை ஸ்பிரிங்) தூக்கித் தூக்கிப் போடுவதும் தினப்படி வாழ்க்கையாகிவிடும். வாங்கும் முன் வீட்டில் எல்லோரையும் பின்சீட்டில் உட்கார வைத்து ஒருமுறை கடலூர் வரை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): துறைமுகம் பக்கம் மீன் லோடு அடித்த ஒரு பிக்கப் நல்ல விலைக்கு வருகிறது. எஞ்சின் போன வருஷம்தான் பிரித்து வேலை செய்தது, பில் இருக்கிறது. பெயிண்ட் புதுசு. மச்சான் வாங்கச் சொல்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அப்பா சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் அதை நீங்களே கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நம் கரையோரத்தில் பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான், பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்பார்கள். எஞ்சின் தேய்ந்தால் பிரித்துச் செய்யலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம், டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான். சேஸிஸ் அரித்துப்போனால் அதற்கு மருந்து கிடையாது. பிக்கப்பின் சேஸிஸ் என்பது ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டமும் குறுக்குச் சட்டங்களும். எஞ்சின், கேபின், பின்பெட்டி, கமான் பட்டை, இழுவைக் கொக்கி எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. கடல் காற்றே அதை மெதுவாகத் தின்னும். மீன் லோடு அடித்த வண்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பெட்டியின் பலகை இடுக்கு வழியாக இரவெல்லாம் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும், அது இறங்குவது நேராகச் சேஸிஸ் மேல்தான். மழை நனைத்தால் வெயிலில் காய்ந்துவிடும். உப்பு அப்படிப் போகாது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸ் ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அடியில் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், அன்றைக்குத்தான் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் போதும். நீளச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும், தகடு தகடாக உதிரும். பெட்டி சேஸிஸில் உட்காரும் இடம், பின்பக்கக் கமான் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட், அதற்குப் பின்னால் கடைசி முழம், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், சேறு தங்கும் எந்த இடமானாலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள், பொத்துக்கொண்டு உள்ளே போனால் அத்தோடு பேச்சை முடித்துவிடலாம். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்களைக் கட்டாயம் பாருங்கள், அவை மேலே லேசாகத் துருப்பிடித்தது போலத்தான் தெரியும், அவசர பிரேக் போடும் அன்றைக்குத்தான் வெடிக்கும். டீசல் டேங்கைத் தாங்கும் பட்டையையும் பாருங்கள்.

சேஸிஸில் ஒட்டு வெல்டிங் இருந்தால் வேண்டாம். விற்கிறவர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் தேய்த்துப் பார்த்து எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று ஆர்சி புக்கோடு ஒத்துப் பாருங்கள், துரு அந்த எழுத்தைத் தின்றிருந்தால் பெயர் மாற்றும்போதும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும்போதும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

போன வருஷம் எஞ்சின் வேலை செய்த பில் நல்ல விஷயம், நான் மறுக்கவில்லை. விற்கிற நேரத்தில் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் செலவு செய்தவர் அடிப்பக்கம் என்ன செய்தார் என்பதுதான் மச்சானிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. வெறும் லோடுக்கு என்றாலே இவ்வளவு பார்க்கணும், பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்கிற எண்ணம் இருந்தால் இழுவை முழுக்க அந்தக் கடைசி முழச் சட்டத்தில்தான் விழும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி (குண்டு உப்பலவாடி): புதுச்சேரியில் ஒரு வண்டி பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நியாயமான சந்தேகம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் உங்கள் ஊரை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிகள் இப்போது கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியில் தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் வண்டல் கறை இருக்கும், ஒரு கோடு மாதிரி நீர்மட்டம்கூடத் தெரியும். தரை விரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை மோந்து பாருங்கள். சீட்டைத் தரையில் முடுக்கியிருக்கும் போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் கனெக்டர், ஹெட்லைட் உள்பக்கம், ஸ்டெப்னி மாட்டும் இடம், இங்கெல்லாம் சேறும் பச்சைக் களிம்பும் இருக்கிறதா பாருங்கள். புது விரிப்பு, புது சீட் கவர், பழைய வண்டி என்றால் ஏன் என்று நேராகவே கேளுங்கள்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருந்திருந்தாலும் ஒயரிங்கிற்குள் போன ஈரம் பல மாதம் கழித்துத்தான் வேலை காட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் சென்சார் அதிகம் என்பதால் அதில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நிச்சயமாக வெள்ளத்தில் நின்றது என்று தெரிந்தால் விலை பேசாமலே கிளம்பி வந்துவிடுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): முந்திரி, பலா வியாபாரம் பண்ணும் குடும்பம் எங்களுடையது. என் மைத்துனர் அவருடைய மஞ்சள் போர்டு கேம்பரை எனக்கே தருகிறேன் என்கிறார். லோடுக்கும் ஆகும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவும் ஆகும் என்று நினைக்கிறேன். கார் ஓட்டும் லைசென்ஸ்தான் என்னிடம் இருக்கிறது. போதுமா, இல்லை பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டத் தரும் தனி அனுமதி) வாங்க வேண்டுமா?

பதில்: சகோதரி, லைசென்ஸ் போதும். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2024 நவம்பரில் உறுதியாகச் சொல்லிவிட்டது. கேம்பர் அந்த எடைக்கு ரொம்பக் கீழே.

என் கவலை பிள்ளைகள் பற்றித்தான். மஞ்சள் போர்டு என்றால் அது சரக்கு ஏற்றும் வண்டி. கேபினில் ஆர்சி புக்கில் எத்தனை சீட் போட்டிருக்கிறதோ அத்தனை பேருக்கு மேல் கூடாது, அதிலும் சரக்கோடு சம்பந்தப்பட்டவர்களுக்காகத்தான் அந்த சீட்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் விபத்து என்று வந்தால், சம்பந்தமில்லாதவர்களை சரக்கு வண்டியில் ஏற்றினீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க இடம் இருக்கிறது. பின்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், எவ்வளவு பக்கமாக இருந்தாலும், ஒருநாள்கூட ஏற்றாதீர்கள்.

வேறு செலவுகளும் உண்டு. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்கு மேல் போனால் வருஷா வருஷம். ஒவ்வொரு எஃப்சிக்கும் டிங்கரிங், பெயிண்டிங், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று பட்டறையில் சில நாள் நிற்கும். 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். வெள்ளை போர்டாக மாற்றித் தருகிறேன் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். எல்லா மாடலுக்கும் அது நடக்காது, ஆர்டிஓ அலுவலகத்தில் நீங்களே கேட்டு உறுதி செய்யாமல் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

லோடுக்கு மட்டும் என்றால் மைத்துனர் வண்டி நல்ல வாய்ப்பு, எப்படி ஓடியது என்று குடும்பத்துக்கே தெரிந்த வண்டி வெளியில் கிடைக்காது. பிள்ளைகளுக்கு இருக்கிற ஸ்கூட்டரோ ஆட்டோவோ போதும். இரண்டுக்கும் ஒரே வண்டிதான் வேண்டும் என்றால் வெள்ளை போர்டில் பதிவான வி-கிராஸ், ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா சீனான் எக்ஸ்டி மாதிரி தேடுங்கள். கடைசி இரண்டும் இப்போது புதிதாக வருவதில்லை, அதனால் கதவு, பம்பர், கண்ணாடி மாதிரி பாடி சாமான் கிடைக்கிறதா என்று முதலில் கடையில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): புதுச்சேரி பதிவு வண்டி விலை குறைவாக இருக்கிறது. நான் கடலூர்க்காரன். அப்படியே பிஒய் நம்பரில் ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

பதில்: கூடாது. அல்பேட்டை தாண்டி தினமும் போய்வருகிறவர்கள் பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பது காரணமாகாது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய நம்பருக்கு மாற்றியே ஆக வேண்டும். அதற்குப் புதுச்சேரி அலுவலகத்தில் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30, இங்கே புது நம்பருக்கு ஃபார்ம் 27. லோன் இருந்த வண்டி என்றால் ஃபார்ம் 35-ம் பேங்க் என்ஓசி-யும் சேர்த்து வாங்கி, ஆர்சியில் அந்தக் கடன் குறிப்பு நீங்கியதை எம்பரிவாகன் செயலியில் நீங்களே பாருங்கள். நிலுவை அபராதம், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் அங்கேயே தெரியும். தமிழ்நாட்டு சாலை வரி கட்ட வேண்டியிருக்கும், அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அது வர நாளாகும். இந்த வரியையும் அலைச்சலையும் விலையில் கூட்டிப் பார்த்தால் பிஒய் வண்டி பல சமயம் டிஎன் வண்டி விலைக்கே வந்து நிற்கும்.

இன்சூரன்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழையவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்குத்தான், உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி (ரெட்டிச்சாவடி): டெல்லியிலிருந்து வந்த பத்து வருஷ டீசல் பிக்கப், பாதி விலை. எடுக்கலாமா?

பதில்: அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை உத்தரவு வந்ததிலிருந்து இப்படி நிறைய வண்டி தெற்கே வருகிறது. கடல் இல்லாத ஊர் என்பதால் அடிப்பக்கம் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி கையில் இல்லாமல், அப்புறம் வந்துவிடும் என்ற பேச்சில், பணம் கொடுக்காதீர்கள். என்ஓசி இல்லாத வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றவே முடியாது.

கேள்வி (நெய்வேலி): மெக்கானிக்கை அழைத்துப் போக வசதியில்லை. நானே பார்த்தால் எதை எதைப் பார்க்க வேண்டும்? கிலோமீட்டர் 62,000 என்று காட்டுகிறது, நம்பலாமா?

பதில்: கிலோமீட்டரை நம்பாதீர்கள், மற்றதை நம்புங்கள். மீட்டரைத் திருப்புவது சுலபம், கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் டிரைவர் சீட்டின் ஓரமும் தேய்ந்திருப்பதைத் திருப்ப முடியாது. கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டி என்றால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்ற பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டயரில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். 62,000 ஓடிய வண்டியில் டயர் இரண்டாம் செட்டா மூன்றாம் செட்டா என்று அதிலேயே ஓரளவு புரியும்.

போகும் முன்பே, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆன உடனே கொஞ்சம் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா, இன்ஜெக்டர் கோளாறா என்று பார்க்க வேண்டும். மிதிக்கும்போது கறுப்பாகக் கொட்டினால் டர்போ, இன்ஜெக்டர் பக்கம் செலவு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், லேசான மூச்சு இருக்கும், புஸ்புஸ்ஸென்று புகையோடு ஆயில் தெறித்தால் பேக் கம்ப்ரஷன், எஞ்சின் பிரிக்கும் நாள் தூரத்தில் இல்லை.

கிளட்சுக்கு ஒரு சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். உடனே எஞ்சின் அணைந்தால் நல்ல கிளட்ச், அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. முன்னால் யாராவது டிரெய்லர் இழுத்த வண்டியா என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம். பின்னால் கொக்கி இப்போது இல்லாவிட்டாலும் சேஸிஸ் ஓரத்தில் போல்ட் ஓட்டைகளும், ஓட்டையைச் சுற்றி விரிசலும் இருக்கிறதா பாருங்கள். நாலு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் அதைப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம், பலர் வருஷக்கணக்கில் போட்டதே இல்லை, இறுகிப் போயிருக்கும். தார் ரோட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், மண் தரையில் பாருங்கள்.

முடிந்தால் பின்பெட்டியில் நாலைந்து மூட்டை ஏற்றி அரை மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். வெறும் வண்டியில் ஒளிந்துகொள்ளும் சூட்டுக் கோளாறு, கியர் நழுவல், பின் ஆக்ஸில் ஊளை எல்லாம் பாரத்தில்தான் வெளியே வரும். இதற்கெல்லாம் சம்மதிக்காமல், இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள் என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்க வேண்டாம். மெக்கானிக் கூலி சில நூறு ரூபாய்தான் இருக்கும், வசதியில்லை என்று நீங்கள் எழுதியதை மறுபடி யோசியுங்கள், லட்சக்கணக்கில் போடும் இடத்தில் அந்தச் செலவு பெரிதில்லை.

கேள்வி (தாழங்குடா): பிக்கப் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. படகை இறக்கும்போது பின்சக்கரம் தண்ணீரில் இறங்கும். போன வாரம் பின் ஆக்ஸில் ஆயிலைப் பார்த்தால் பால் மாதிரி இருக்கிறது. சீல் போய்விட்டதா?

பதில்: சீல் போயிருக்கலாம், ஆனால் அதற்கு முன் வேறொன்று. பின் ஆக்ஸிலின் மேல் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும். ரோட்டில் ஓடி வந்த சூட்டோடு ஆக்ஸிலைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, அந்தக் குழாய் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அந்த ஆயிலோடு இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், உப்புத் தண்ணீர் கலந்த ஆயில் கிரவுன் பல்லையும் பேரிங்கையும் அரித்துவிடும். ஆயிலை முழுதாக வடித்து, கொஞ்சம் புது ஆயில் ஊற்றி அலசி அதையும் வடித்து, பிறகு நிரப்புங்கள். மூச்சுக் குழாயில் நீளமான ரப்பர் ஹோஸ் மாட்டி பெட்டி உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

இனிமேல் கரைக்கு வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். அதைவிட நல்லது, டிரெய்லருக்கும் வண்டிக்கும் நடுவே உறுதியான கயிறு போட்டு, பிக்கப்பை மேட்டிலேயே நிறுத்திக்கொண்டு டிரெய்லரை மட்டும் தண்ணீரில் விடுவது. கடலில் இறங்கிய டிரெய்லரின் சக்கர பேரிங்குகளைக் கழற்றி கிரீஸ் மாற்றுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், நடுரோட்டில் டிரெய்லர் சக்கரம் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் பேரிங்கால்தான். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் பிரேக் டிரம், கமான் பட்டை, சேஸிஸ் உள்பக்கம் எல்லாம் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி திறந்து பாருங்கள். தண்ணீரில் இறக்காமலே மறுபடி பால் நிறம் வந்தால், அப்போது சீலை மாற்றிவிடலாம்.